சித்தியின் பகல் தூக்கம்

போன மாதம் கல்யாண விருந்தில் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நம்மில் பாதிப் பேருக்கு இனிப்பு ஆகாது, மீதிப் பேருக்கு உப்பு ஆகாது. தட்டில் வைத்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பழைய கதையைத்தான் மென்றோம். அப்போது உங்களில் ஒருத்தன் (யாரென்று சொல்ல மாட்டேன், அவன் வீட்டுக்காரம்மா எனக்குக் காப்பி தர மாட்டார்) ஆரம்பித்தான்.

"டேய், உங்க வீட்டுல ஒரு பேய் இருந்திச்சேடா. மத்தியானத்துல வந்து பலகையத் தட்டுமே. உங்க சித்தியக்கூடப் புடிச்சிருச்சே."

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். சிரித்துத்தானே பழக்கம் எனக்கு. ஆனால் அந்தக் கதையை இனிமேல் அப்படிச் சொல்லாதீர்கள். அந்தப் பேய் நான்தான்.

மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் எழுதுவது. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் படித்தவன் எவனும் இதை எழுதப் போவதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். ஜெலுத்தோங் பக்கம் நம் லோரோங், குறுகலான சந்து. இந்தப் பக்கம் முழுக்கப் பலகை வீடு, தகரக் கூரை. எதிரே ஒரே ஒரு கல்வீடு, இரும்பு கேட் போட்டது. அது அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் கிராணி ஐயாவின் வீடு. தூரத்தில் கொம்தார் கட்டடம் அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. தினமும் பள்ளி விட்டு வரும்போது மாடிகளை எண்ணுவோம், ஆளுக்கு ஒரு கணக்கு வரும், அதற்கே அடித்துக்கொள்வோம்.

சித்தி என் அம்மாவின் தங்கை. சுங்கை பாக்காப் பக்கம் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து எங்களோடு தங்கி, பாயான் லெப்பாஸ் மின்னியல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். இருபத்திரண்டு வயது இருக்கும். தொழிற்சாலை பஸ் முச்சந்திக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகும். அவள் செய்த வேலை எனக்குப் பெரிய அதிசயம். முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை, அரிசியைவிடச் சின்ன ஒரு சதுரத்தில் ஒட்ட வேண்டும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஸ்கோப் என்பார்கள், மைக்ரோஸ்கோப், அதற்குள் கண்ணை வைத்தால் ஷிப்டு முடியும் வரை எடுக்க முடியாது. இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. இரவு வாரம் முடிந்து அவள் வந்தால் இரண்டு கண்ணையும் சுற்றி வளையம் பதிந்திருக்கும். நான் "ஆந்தை வந்துருச்சி" என்று கத்துவேன். கையில் கிடைத்ததை எடுத்து அடிக்க வருவாள்.

அவளிடம் ஒரு கடிகாரம் இருந்தது. முகப்பில் ஒரு கோழி, ஒவ்வொரு நொடிக்கும் தலையை ஆட்டித் தானியம் கொத்தும். பகலில் தூங்கும்போது அந்தக் கொத்தும் சத்தம்கூடக் கேட்கக்கூடாது என்று துண்டில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைப்பாள். அவள் படுப்பது லோரோங்கை ஒட்டிய அறையில். பலகைச் சுவர் ஒன்றுதான் நடுவில். வெளியே நாம் பந்து விளையாடுவோம், ஐஸ்காரன் மணி அடிப்பான், மேலே தகரம் அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரிக் காயும். அதற்குள் அவள் ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருப்பாள்.

அந்தத் தட்டல் விளையாட்டை ஆரம்பித்ததே சித்திதான். பள்ளி விட்டு வரும்போது நான் வெளியிலிருந்து மூன்று தட்டுத் தட்டுவேன். உள்ளே விழித்திருந்தால் அவள் இரண்டு தட்டுவாள். அதற்கு, எனக்கு ஏதோ தின்ன வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். தொழிற்சாலை கண்டீனில் வாங்கிய குவே பலகாரம், சில நாள் ஒரு பிஸ்கட். இவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம்.

அந்த வருடம் தொழிற்சாலையில் அது நடந்தது. ஸ்கோப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் திடீரென்று அலறினாள். அவளைப் பிடிக்கப் போன பெண் அலறினாள். பத்துப் பன்னிரண்டு பேர் அலறி அழுது விழுந்தார்களாம். சித்தியும் ஒருத்தி. ஒரு மலாய்ப் பெண் ஸ்கோப்புக்குள் பல் இல்லாத கிழவன் எட்டிப் பார்த்ததாகச் சொன்னாள். நிர்வாகம் ஒரு பொமோவைக் கூட்டி வந்தது. அவர் கோழி அறுத்து, தண்ணீர் தெளித்து, மந்திரம் ஓதிவிட்டுப் போனார். நர்ஸ் ஆளுக்கு இரண்டு பானடோல் கொடுத்தாள். அன்றைக்கே மெஷின் ஓடியது. இரண்டாவது தடவையும் அலறினார்கள். இந்தத் தடவை கோழி இல்லை, கடிதம்தான். இன்னொரு முறை கத்தினால் வேலை இல்லை.

அதற்குப் பிறகு சித்தி வீட்டிலும் சத்தமே போடவில்லை.

"ஆந்தை" என்றேன், அடிக்க வரவில்லை. சோற்றைப் பிசைவாள், பிசைந்துகொண்டே இருப்பாள், கையைக் கழுவிவிடுவாள். அம்மா ஒரு நாள் குளியலறைக் கதவைத் தட்டி, "என்னடி இவ்ளோ நேரம்" என்றால், உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தத்துக்கு நடுவே அழுகை. பகலில் தூங்க மாட்டாள், இரவிலும் தூங்க மாட்டாள். கண்ணை மூடினால் கம்பி தெரிகிறது என்பாள்.

நான் என்ன செய்தேன்? தட்டினேன். மூன்று தட்டு. பதில் இல்லை. மறுநாளும் தட்டினேன். பழைய சித்தி பலகைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ ஒளிந்திருக்கிறாள், பலமாகத் தட்டினால் வெளியே வருவாள் என்று நினைத்தேனோ என்னவோ. அப்படியெல்லாம் நல்லவிதமாகச் சொல்லிக்கொள்ள இப்போது ஆசையாக இருக்கிறது. உண்மையில் பாதி அதுதான். மீதி குறும்பு. தட்டிவிட்டு ஓடி, மூலையில் நின்று, "யாரு? யாரு அது?" என்று அவள் நடுங்கிய குரலில் கேட்பதைக் கேட்டு வாயைப் பொத்திச் சிரித்திருக்கிறேன்.

"அக்கா, மத்தியானம் யாரோ தட்றாங்கக்கா." சித்தி அம்மாவிடம் சொன்னாள்.

"யாருடி தட்டப்போறா? நான் பின்பக்கந்தான துணி காயப்போட்டுட்டு இருக்கேன், எனக்குக் கேக்கலியே."

பக்கத்து வீட்டு அக்கா விறகு ஒடிவது மாதிரி நறுக்கென்று சொல்லிவிட்டாள்: "பெக்டரியில இருந்தது வீடு வரைக்கும் பின்னால வந்திருக்கு லா. கன்னிப்பொண்ணு, ராத்திரியில அங்கயும் இங்கயும் போனா சும்மா விடுமா?"

அவ்வளவுதான். லோரோங் முழுக்கப் பேய். நீங்கள் கூட என்னைப் பார்த்து, "டேய், தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி பஸ் வருதுடா, சித்திய ஏத்திவிடு" என்று கத்தினீர்கள். இப்போது அதற்காக உங்களைத் திட்டவில்லை. உங்கள் வீட்டில் நடந்திருந்தால் நான் உங்களைவிடச் சத்தமாகக் கத்தியிருப்பேன்.

இதற்கு நடுவில் எதிர்வீட்டையும் பாருங்கள். கிராணி ஐயா இரண்டு மாதமாக ஆபீசுக்குப் போகவில்லை. வாசலில் சாய்வு நாற்காலியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார். பேப்பர் மடியில் இருக்கும், திருப்ப மாட்டார். தாடி வளர்ந்திருந்தது. அம்மா அவர்கள் வீட்டில் துணி துவைக்கப் போவாள். "ஐயாவுக்கு கேஸ்ட்ரிக்" என்று கிராணி அம்மா சொல்லியிருந்தார். அம்மா அந்த வீட்டில் வாளியைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பாள். அந்த கேட்டுக்கு முன்னால் பந்து விளையாடினால் நமக்கெல்லாம் அடி விழும். பத்தடி தள்ளி எங்கள் பலகைச் சுவரில் நாம் பந்தை டமார் டமார் என்று அடிப்போம், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அப்போது எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. கல்வீட்டுக்கு ஒன்று, பலகை வீட்டுக்கு ஒன்று, அப்படித்தானே.

பூசாரிக்குச் சொல்லியாகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை, ராகு காலம் கழிந்ததும் வருவார். அவர் என்ன செய்வார் என்று நமக்குத் தெரியும். அடுத்த தெருப் பெண் ஒருத்திக்குப் பேய் ஓட்டியதை நாம் எல்லோரும் வேலிச் சந்து வழியாகப் பார்த்தோமே. முடியைக் கையில் சுற்றிக்கொண்டு பிரம்பால் அடித்தார். "போறியா, போறியா" என்று கேட்டார். அந்தப் பெண் "போறேன்" என்று சொன்ன பிறகும் நாலு அடி.

அம்மா தயங்கித்தான் கேட்டாள். "வலிக்கும்டி. பரவால்லயா?"

சித்தி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வரட்டும்கா. அடிச்சாலாவது தூக்கம் வருமா பாப்போம்."

அன்றைக்குச் சாப்பிடும்போதே சொல்லிவிட்டேன். "அம்மா, தட்டினது நான்தாம்மா."

அப்பா பெல்ட்டைக் கழற்றுவார் என்று காலை ஒடுக்கிக்கொண்டு நின்றேன். அவர் லோரி கெலிண்டான், டிரைவருக்கு உதவியாள், மூட்டை தூக்கித் தூக்கிக் கை இரும்பு மாதிரி இருக்கும். ஆனால் அவர் என் தலையைத் தடவினார். அடி விழுந்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"பாவம். சித்தி மேல உயிரு இவனுக்கு. பழிய தன் மேல போட்டுக்கிறான்."

"இல்லப்பா! நெசமாத்தான்! மூணு தட்டு! இந்தா பாரு" என்று ஓடிப்போய்த் தட்டியும் காட்டினேன்.

அம்மா சொன்னாள்: "இப்ப நீ தட்டற. சரி. அப்ப தட்டினது யாரு?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நீங்களும் முழித்திருப்பீர்கள். அதற்கு முந்தின மாதம்தான் தலைமையாசிரியரை நாய் கடித்துவிட்டது, பள்ளி லீவு என்று சொல்லி மூன்று நாள் வீட்டில் இருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அந்த மனுஷன் மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போனார், அம்மாவுக்கு வணக்கம் வேறு வைத்தார். என் வாயிலிருந்து வருவதற்கு அவ்வளவுதான் மரியாதை.

என்னை யாராவது பார்த்தார்களா என்று யோசித்தேன். நீங்கள் பார்க்கவில்லை, நீங்கள் அந்த நேரம் சாப்பிடப் போயிருப்பீர்கள். அப்போதுதான் உறைத்தது. எங்கள் பலகைச் சுவருக்கு நேர் எதிரே ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, கிராணி ஐயாவின் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஐயா. நீங்க என்னைப் பாத்தீங்கல்ல?"

அவர் கண் என் மேல்தான் இருந்தது, ஆனால் எனக்குப் பின்னால் எதையோ பார்ப்பது மாதிரி. நான் எல்லாவற்றையும் கொட்டினேன். தட்டல், பூசாரி, பிரம்பு, முடி. அழுதேன் என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள், அதனால் எழுதவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். துருப்பிடித்த கேட் மாதிரிக் குரல். "மூண்டு தரம் தட்டுவாய். பிறகு அந்த மூலைக்கு ஓடுவாய். சிரிப்பாய்."

"ஆமாங்கையா!" என்னை ஒருவர் காட்டிக்கொடுத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்தது அன்றைக்குத்தான்.

அவர் எழுந்தார். பனியன், இடுப்பில் சாரம், தாடி. இரண்டு மாதம் தாண்டாத கேட்டைத் தாண்டினார். உள்ளேயிருந்து கிராணி அம்மா ஓடி வந்தார். "என்னப்பா இது, எங்க போறியள்? உடுப்பையாவது மாத்துங்கோ!"

அம்மா எங்கள் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பதறி எழுந்தாள். "ஐயா, என்னங்கையா, கூப்பிட்டிருந்தா நானே வந்திருப்பேனே."

"பிள்ளை, உவன் சொல்லுறது உண்மை. தட்டினது உவன்தான். நான் ஒவ்வொரு நாளும் கண்டனான். சொல்லியிருக்க வேணும். சொல்ல ஏலாமல் இருந்தன்."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மீனுக்குப் பதில் என்னைக் கழுவியிருப்பாள். ஆனால் அம்மா லேசுப்பட்டவள் இல்லை. "சரிங்கையா. தட்டினது இந்தச் சனியன். அப்ப அழறது யாரு? சாப்பிடாம கெடக்கறது யாரு? பெக்டரியில கத்தினது யாரு? அதுவும் இவனா?"

ஐயா வாசல்படியில் உட்கார்ந்தார். கிராணி ஐயா, எங்கள் படியில், மீன் செதிலுக்குப் பக்கத்தில்.

"நானும்தான் அழுதனான். ரெண்டு மாசமா. சோறு இறங்கேல்லை. ஆபீசுக்குப் போக உடுப்புப் போட்டுட்டு, காலிலை சப்பாத்தைப் போட ஏலாமல் இருந்து அழுதனான். எனக்குப் பேய் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே, பிள்ளை. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவை. மருந்து தந்தவை, எம்.சி. எண்டு லீவுக் கடுதாசி தந்தவை. ரெண்டு பேருக்கும் ஒரே வருத்தம்தான், ஒரே நோய்."

எதிரே கேட்டில் கிராணி அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். கேஸ்ட்ரிக் என்று லோரோங் முழுக்கச் சொல்லியிருந்தாரே. பக்கத்து வீட்டு அக்காவின் ஜன்னல் திறந்தே இருந்தது. கிராணி அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு நிற்கும் மகளும் வீட்டில் இருந்தாள். அவர் நிலைமையும் அப்போது எனக்குப் புரியவில்லை.

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, நான் படிக்காதவ. ஆனா ஒண்ணு சொல்றேன். பேய்னா ஓட்டினா போயிரும். நாளைக்கே மாப்பிள்ளை பாக்கலாம். அங்க போய் பேரு எழுதிட்டா? பைத்தியம்னு எழுதினா அது அழியுமா?"

"எனக்கும் எழுதித்தான் இருக்கு. நான் இன்னும் கிராணிதானே."

"நீங்க கவர்மெண்டுங்கையா. உங்க நாற்காலி உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். அவ ஸ்கோப்புல மறுநாளே வேற பொண்ணு உக்காந்துரும்."

இதற்கு என்ன பதில் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மீனில் ஈ மொய்த்தது. ஐயா எழுந்து, "செவ்வாய்க்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போறன். கெரேத்தா வரும். காரிலை தங்கச்சிக்கும் இடம் இருக்கு. உவனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, தட்டினவன் உவன்தானே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை அம்மா சித்தியோடும் என்னோடும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஆனால் பூசாரியையும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. இதுவும் இருக்கட்டும், அதுவும் இருக்கட்டும். அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை, நீங்களும் இப்போது சர்க்கரைக்கு மாத்திரையும் போட்டு, எவனோ சொன்ன இலையையும் அவித்துக் குடிக்கிறீர்களே.

ஆஸ்பத்திரியில் ஒரு சீன லேடி டாக்டர். கண்ணாடிக்கு மேலே பார்த்து மலாயில்தான் பேசினார். பேய் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. முதல் கேள்வியே, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தூங்குகிறாய்?

சித்தி யோசித்தாள். விரலை மடக்கினாள், விரித்தாள். நாலு மாதமாக அவளைப் பற்றி ஊரே பேசியது. இதை ஒருவரும் கேட்கவில்லை. நானும் அம்மாவும் ஒரே வீட்டில் இருந்தோம், எங்களுக்கும் தெரியவில்லை. "இரவு ஷிப்டு வாரத்தில் இரண்டு மணி நேரம்" என்று சொல்லிவிட்டு மேசையில் தலையை வைத்துவிட்டாள். டாக்டர் எழுந்து வந்து முதுகில் கை வைத்தார். அவள் அழுது முடிக்கும் வரை அப்படியே நின்றார். வெளியே எத்தனை பேர் காத்திருந்தார்கள் தெரியுமா.

பிறகு என்னைப் பார்த்து, "இந்த புடாக் நக்கால் யாரு?" என்றார். குறும்புப் பையனாம் நான்.

நான் சொன்னேன். தட்டியதை. இந்தத் தடவை சிரிக்காமல். அவர் அதைப் பேனாவால் எழுதிக்கொண்டார். அம்மா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் எம்.சி., மாத்திரை, இரவு ஷிப்டு கூடாது என்று தொழிற்சாலைக்கு ஒரு கடிதம். கெரேத்தாவில் வரும்போது அம்மா அதை ஐயாவிடம் நீட்டினாள். "பைத்தியம்னு எழுதியிருக்காங்களா?" அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "தூக்கம் வேணும் எண்டு எழுதியிருக்கு" என்றார். உண்மையில் இன்னும் என்னவெல்லாம் எழுதியிருந்ததோ. ஆங்கிலம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள், மூன்று மாதத்தில் ஆள் குறைப்பு என்று அவளையும் அனுப்பினார்கள். கிராணி ஐயா தாடியை எடுத்துவிட்டு ஆபீசுக்குப் போனார், நாற்காலி காத்திருந்தது. அம்மா சொன்னதுதான் சரியாகப் போயிற்று. கிராணி அம்மா பல நாள் எங்களோடு பேசவில்லை, பிறகு ஒரு நாள் அவரே வந்து சித்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். சித்தி தையல் கடைக்குப் போனாள், பகல் வேலை. கல்யாணமும் ஆயிற்று, பெண் பார்க்க வந்தவர்களிடம் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு பேர் எழுந்து போனார்கள், மூன்றாவது ஆள் இன்னொரு காப்பி கேட்டார், அவர்தான் என் சித்தப்பா. நடுவில் இரண்டு முறை அந்த நோய் திரும்பி வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனாள், எழுந்தாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கிழமை.

மாத்திரை போட்ட முதல் இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. அம்மா முகம் இருண்டது. வெள்ளிக்கிழமை காலையில் சித்தி கஞ்சி குடித்தாள், பாதிக் கிண்ணத்தில் கண் சொருகியது. அப்படியே பாயில் சாய்ந்தாள். பத்து மணி இருக்கும். அப்பா அன்றைக்கு வேலைக்குப் போகாமல் கோணிச் சாக்கை நனைத்து நனைத்துத் தகரத்தின் மேல் விரித்தார். அந்த வாரம் பள்ளி விடுமுறை, நான் லோரோங்கில் நின்று உங்களையெல்லாம் துரத்தினேன். பந்தைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டேன் என்று இன்னும் சொல்கிறீர்களே, அது அன்றைக்குத்தான்.

ராகு காலம் கழிந்து பூசாரி வந்தார். வேப்பிலை, பிரம்பு, எலுமிச்சை, எல்லாம் ஒரு பையில். அம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"எழுப்பும்மா. நேரம் போயிடும்."

"இப்பத்தான் சாமி தூங்கறா."

"தூங்கறது அவ இல்லம்மா. உள்ள இருக்கறது தூங்கற மாதிரி நடிக்குது. எழுப்பு."

அம்மா உள்ளே திரும்பிப் பார்த்தாள். சித்தி வாயை லேசாகத் திறந்து, குறட்டைகூட விட்டுக்கொண்டு, ஒரு கையைப் பாய்க்கு வெளியே போட்டுக்கொண்டு கிடந்தாள். அம்மா வெகுநேரம் பார்த்தாள். பக்கத்து வீட்டு அக்கா வேலியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். லோரோங்கே பார்த்துக்கொண்டிருந்தது.

"யாரா இருந்தாலும் சரி சாமி. தூங்கட்டும்."

பூசாரி ஏதேதோ சொன்னார். பின்னால் கஷ்டப்படுவீர்கள் என்றார். அம்மா அவருக்குக் காப்பி கலக்கிக் கொடுத்தாள், வாசலிலேயே. குடித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

வெயில் சாய்ந்து, கொசு வர ஆரம்பித்த நேரத்தில் சித்தி எழுந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் பாயின் கோடு. எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் விழித்தாள். பிறகு ஞாபகம் வந்து பதறினாள்.

"அக்கா, பூசாரி வரலியா?"

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"வந்தாரு. நீ தூங்கிட்டு இருந்த. போய் மூஞ்சிய கழுவிட்டு வா, சாப்புடலாம்."